நடுவில் எடுத்த மூச்சு

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். தொண்டையும் நலம். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? உன் உடம்பு எப்படி இருக்கிறது? போன மாதம் ஐந்து தடவை போன் செய்தேன். ஐந்து தடவையும் அத்தான்தான் எடுத்தார், நான் இங்கே வந்ததிலிருந்தே இதே கதைதான். மூன்று தடவை நீ குளித்துக்கொண்டிருந்தாய், இரண்டு தடவை தூங்கிக்கொண்டிருந்தாய். ஒரு மனுஷி இத்தனை குளியல் குளித்தால் கரைந்துபோய்விட மாட்டாளா? அதனால்தான் கடிதம். கடிதம் வந்து நின்றால் அத்தானால் "அவ குளிக்கிறா" என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்துகொள். எனக்கு ஒரு பாட்டு கிடைத்திருக்கிறது! கோரஸ் இல்லை. நான் தனியாகப் பாடி, ரிக்கார்டாகி, வானொலியில் வரப்போகிற பாட்டு. ஓட்டலில் நான் பாடுவதைக் கேட்டுவிட்டு ஓர் இசையமைப்பாளர் ஆள் அனுப்பினார். மனிதர் எதற்கும் "உம்" என்பார், அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டார். நான் அவருக்கு "உம்" என்றே பெயர் வைத்துவிட்டேன்.

பாட்டில் ஒருத்தி ரயிலில் உட்கார்ந்திருக்கிறாள். ஜன்னலோர இடத்தை வேறு ஒருத்திக்காகப் பிடித்துவைத்துக் காத்திருக்கிறாள். வண்டி கிளம்பியும் ஆள் வரவில்லை. "ஜன்னலோரம் உனக்கென்று விட்டுவைத்தேன்" என்று பல்லவி. பாடிக் காட்டினேன். "உம்" கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "சுருதி சரி, தாளம் சரி. ஆனா பாடுறது யாரு? உன் பாணி எங்க?" என்றார். ஜூன் பத்தாம் தேதி பதிவு. அதற்குள் என் பாணியைக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் பாட்டு வேறு பாடகிக்குப் போய்விடும்.

அக்கா, பாணி என்றால் என்ன? பதினான்கு வருஷம் உன்னோடு மேடையில் பாடினேன். இந்த ஒரு வருஷமாக ஓட்டலில் பழைய பாட்டுகளை அசல் மாதிரியே பாடுகிறேன். "அப்படியே அசல்" என்று சொன்னால் அன்றைக்கு எனக்குத் தரையில் கால் பாவாது. இப்போது திடீரென்று என்னுடையதைக் கேட்டால் எங்கே போவேன்? நம் இருவரில் பாடத் தெரிந்தவள் நீ. போன வருஷம் "போதும், இனிமே நீ தனியாப் பாடு" என்று சொல்லிக் கையைக் கழுவிவிட்டாய். கழுவிய கையால் எனக்கு நாலு வரியாவது எழுது.

தபால்காரரை வழிமறிக்கத் தயாராக இருக்கும்,
உன் அவசரக்குடுக்கை


மார்ச் 21

அடி அவசரக்குடுக்கை,

கடிதம் கிடைத்தது. இங்கே இருவரும் சுகம். உடம்புக்கு ஒன்றுமில்லை. போனில் பேசினால் நீ மட்டும்தான் பேசுவாய், நான் கேட்க நினைத்தது எல்லாம் தொண்டையிலேயே நின்றுவிடும். கடிதமே நல்லது.

பாட்டு கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். அத்தான் தெரு முழுவதும் சொல்லிவிட்டு வந்தார். இப்போதெல்லாம் அவர் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுகிறார்.

ரயில் நிலையத்தில் எனக்கு இடம் மாறிவிட்டது. அறிவிப்பு அறையை விட்டுவிட்டேன். பயணிகள் தவறவிட்ட சாமான்களை வைத்திருக்கும் அறைக்கு வந்துவிட்டேன். நானே கேட்டு வாங்கியதுதான். குடை மட்டும் நாற்பத்திரண்டு இருக்கிறது. போன வாரம் ஒரு பல் செட் வந்தது. பல்லை வண்டியில் விட்டுவிட்டு ஒருவர் எப்படி இறங்கிப் போனார் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். சத்தமில்லாத வேலை.

பாணி கீணி என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதே. எதையும் சேர்க்காதே. வார்த்தையைப் பாடு.

அத்தான் உன்னை விசாரித்தார். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 28

அன்பும் கோபமும் கலந்து அக்காவுக்கு,

நான் சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

நீ மைக்கை விட்டுவிட்டாயா? கல்யாணமான மறுநாளே "வண்டி எண்" சொல்லப் போன ஆள் நீ! யாருடனாவது சண்டையா? உன்னை யாராவது ஏதாவது சொன்னார்களா? கேட்டால் குடைக் கணக்கு சொல்கிறாய்.

எதையும் சேர்க்காதே என்று எழுதிவிட்டாய். அது முடியவில்லை. நான் தங்கியிருக்கும் அறைக்குக் கீழே தச்சுப்பட்டறை. ரம்பம் ஓடும் நேரமெல்லாம் நான் பாடுவேன், யாருக்கும் கேட்காது. இந்த வாரம் முழுக்க ரம்பமும் நானும்தான். திங்கட்கிழமை "உனக்கென்று" என்பதை மேலிருந்து வழுக்கிக்கொண்டு வந்து இறக்கினேன். "உம்" சொன்னார்: "இது அந்தக் காலத்துப் பாடகி ஒருத்தரோடது." புதன்கிழமை "ஜன்னலோரம்" என்பதில் ஏழெட்டு சுற்றுச் சுற்றி நிறுத்தினேன். "இது உன் ஓட்டல்ல கைதட்டுறவங்களோடது" என்றார். வெள்ளிக்கிழமை "விட்டுவைத்தேன்" பாடும்போது ஒரு சின்னச் சிரிப்பைக் கலந்தேன். எனக்கே பிடித்திருந்தது. அவர் "இது யாரோடது?" என்று கேட்டார்.

அது உன்னுடையது. கடைசிச் சரணத்தில் நீ அப்படித்தான் சிரிப்பாய்.

என் பெட்டியைக் கொட்டிப் பார்த்தால் எல்லாம் அடுத்தவர் துணியாகவே இருக்கிறது. தலை சுற்றுகிறது. எனக்கு ஒரே ஓர் உதவி செய். பல்லவியைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன், மெட்டு இந்தக் கேசட்டில் இருக்கிறது. நீ பாடினால் எப்படிப் பாடுவாய் என்று கேசட்டின் மறுபக்கத்தில் பாடி அனுப்பு. நான் காப்பியடிக்க மாட்டேன், சத்தியம். நீ எந்தப் பக்கம் போகிறாய் என்று தெரிந்தால் நான் வேறு பக்கம் போவேன்.

உன் அவசரக்குடுக்கை


ஏப்ரல் 24

தங்கைக்கு,

சுகம். உன் சுகத்துக்கு எழுது.

டேப் ரிக்கார்டர் ரிப்பேர். எனக்கும் சளி. கேசட்டை எதிர்பார்க்காதே.

சேர்க்காதே என்று எழுதியிருந்தேன். யோசித்துப் பார்த்தேன், உனக்குத் தோன்றினால் தாராளமாகச் சேர்த்துக்கொள். எனக்கு என்ன தெரியும்.

கவுண்டரில் வைத்துக்கொள்ள ஒரு சிலேட்டு வாங்கினேன். வசதியாக இருக்கிறது. பல் செட்டுக்கு இன்னும் ஆள் வரவில்லை.

அக்கா


ஏப்ரல் 30

அக்காவுக்கு,

நான் சுகமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான். நாலு வாரம் காத்திருந்தேன். பட்டறைக்காரர் முதல் நாய் வரைக்கும் எல்லாரையும் "தபால் வந்துதா?" என்று கேட்டேன். வந்தது ஒரு கார்டு! அதில் ஒரு சிலேட்டு. முதலில் சேர்க்காதே, அப்புறம் சேர்த்துக்கொள். நான் எதைக் கேட்பது? உனக்கு என்மேல் வருத்தமா? எனக்குத் தனிப்பாட்டு கிடைத்தது உனக்குப் பிடிக்கவில்லையா? அப்படி நினைத்ததற்கே வாயில் போட்டுக்கொள்கிறேன். ஆனாலும் நினைத்துவிட்டேன், உன்னிடம் மறைக்க முடியாது.

இப்போது புதிதாக ஒரு கோளாறு கிளம்பியிருக்கிறது. இங்கே ஒலிப்பதிவு செய்யும் அம்மா ஒருவர் இருக்கிறார். எந்நேரமும் பிஸ்கட் தின்றுகொண்டே வேலை செய்வார், ஆனால் காது கத்தி. நேற்று நான் பாடியதைத் திரும்பப் போட்டுக் காட்டி, "இங்க பாரு, ஒவ்வொரு வரிலயும் நடுவுல ஒரு ஓட்டை விழுது. 'விட்டு'ன்னு பாடிட்டு மூச்சு எடுக்குற. அப்புறம் 'வைத்தேன்'. யாராவது வார்த்தைய ரெண்டா ஒடிச்சு மூச்சு வாங்குவாங்களா?" என்றார்.

எண்ணிப் பார்த்தோம். பதினான்கு வரி, பதினான்கு ஓட்டை. அதுவும் அந்த வரியிலேயே நல்ல வார்த்தை எதுவோ அதன் நடுவில். சத்தியமாக எனக்குத் தெரியாது, அக்கா. ஓட்டலில் கிடார்காரர் அந்த இடங்களை நிரப்பிவிட்டிருக்கிறார் போல. இங்கே பக்கவாத்தியம் ரொம்பக் குறைவு, எல்லாம் அம்பலமாகிவிட்டது. "உம்" என்னைப் பார்த்து, "நீ போடுற சங்கதி எல்லாம் இந்த ஓட்டைய மூடத்தானா?" என்று கேட்டார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

எல்லாரையும் மாதிரி வரி முடிவில் மூச்சு எடுக்கப் பார்க்கிறேன். முடியவில்லை. வரி முடிவில் நிறுத்தப் போனால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, ஏதோ தப்புச் செய்கிற மாதிரி. சின்ன வயசிலிருந்தே நான் இப்படித்தானா? பக்கத்திலேயே நின்ற உனக்குத் தெரியாமல் இருக்காது. இதையாவது சொல். நாற்பது நாள்தான் இருக்கிறது.

குழம்பிப்போன,
அவசரக்குடுக்கை


மே 15

என் தங்கமே,

இங்கே சுகம். நீ உன் உடம்பைப் பார்த்துக்கொள். எனக்கு உன்மேல் வருத்தம் இல்லை. ஒரு துளிகூட இல்லை. இதை இரண்டு தடவை படி.

அந்த ஓட்டை உன்னுடையது இல்லை. நான் போட்டது.

உனக்கு ஏழு வயசு, எனக்குப் பதினைந்து. முதல் மேடை. இரண்டு பேரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கி, நடுவில் பாட்டு அறுந்துபோய், முன்வரிசையில் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு ஏற்பாடு செய்தேன். நான் வரி முடிவில் மூச்சு எடுப்பேன், அப்போது நீ இழுத்துப் பிடிக்க வேண்டும். நீ வரி நடுவில் எடுக்க வேண்டும், அப்போது நான் பாடிக்கொண்டிருப்பேன். எங்கேயும் இடைவெளி விழாது. பாட்டு நோட்டில் எனக்குச் சிவப்புப் புள்ளி, உனக்கு நீலப் புள்ளி. நோட்டு உன்னிடம்தான் இருக்கிறது, எடுத்துப் பார். இரண்டு பேர் பாடுகிறார்கள் என்றே தெரியவில்லை என்று ஊரே சொன்னது. கொஞ்ச நாளில் நீ நோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டாய். அப்புறம் உனக்கு அது ஒரு ஏற்பாடு என்பதே மறந்துவிட்டது.

இதுவரை எழுதியதை மூன்று நாள் மேஜையில் வைத்திருந்தேன். மீதியையும் சொல்லிவிடுகிறேன். நீலப் புள்ளியை எங்கே வைப்பது என்று முடிவு செய்தவள் நான். வரியில் எது நல்ல வார்த்தையோ அதன் நடுவில் வைத்தேன். அந்த இடத்தில் நீ மூச்சு வாங்குவாய், என் குரல் மட்டும் தனியாகக் கேட்கும். பதினைந்து வயசில் அது கெட்டிக்காரத்தனமாக இருந்தது. அப்புறம் பழக்கமாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நல்லதையெல்லாம் நான் எடுத்துக்கொண்டு, ஒட்டுப்போடும் வேலையை உனக்குக் கொடுத்திருக்கிறேன். உன் முதல் கடிதத்தைப் படித்தபோதே இது எனக்கு ஞாபகம் வந்தது. எழுதத்தான் கை வரவில்லை.

இப்போது உன் பாட்டுக்கு நீயே புள்ளி வை.

உன் அக்கா


மே 20

என் அக்காவுக்கு,

நான் சுகம் என்றும் எழுதலாம், இல்லை என்றும் எழுதலாம்.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். "கண்ணீர்" என்ற வார்த்தையில் கண்ணுக்கும் நீருக்கும் நடுவே ஒரு நீலப் புள்ளி! அடிப்பாவி! சிரித்தேன், அப்புறம் அழுதேன், அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் கீழே போய் ரம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உன்மேல் கோபம் வருகிறதா என்று பார்த்தேன். வருகிற மாதிரி வந்து பாதியில் நின்றுவிட்டது. நீ என் பக்கத்தில் நின்று பாடியபோது எனக்குக் குறை என்று எதுவுமே தெரியவில்லையே.

ஆனால் இப்போது குழப்பம் இரண்டு மடங்கு. பாணி என்று தேடிக்கொண்டே போனால் கடைசியில் கிடைத்தது ஒரு ஓட்டை. அந்த ஓட்டையும் நீ போட்டது. அப்படியென்றால் அது என்னுடையதா, உன்னுடையதா? நான் தனியாகப் பாடுகிறேனா, இல்லை இன்னமும் உன்னோடு சேர்ந்துதான் பாடிக்கொண்டிருக்கிறேனா, நீ மட்டும் இல்லாமல்?

பிஸ்கட் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு தடவை என் வழக்கப்படி பாடச் சொன்னார். அப்புறம் காதில் அதைக் கேட்டுக்கொண்டே ஓட்டை விழும் வார்த்தைகளை மட்டும் இன்னொரு தடவை பாடச் சொன்னார். இரண்டையும் சேர்த்துப் போட்டார். ஓர் இடைவெளி கிடையாது. "உம்" முதல் தடவையாகத் தலையாட்டினார். "இப்படியே செஞ்சிடலாம்" என்றார். எனக்குத்தான் ஒப்பவில்லை. நாம் இரண்டு பேரும் பாடுகிற மாதிரியே இருந்தது, ஆனால் அதில் நீ இல்லை. உன் இடத்தில் நான் உன்னை மாதிரி நடித்துக்கொண்டிருந்தேன்.

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன். பத்தாம் தேதி நீ வந்து அந்த வார்த்தைகளைப் பாடு. ஒரே நாள். "உம்"மிடம் நான் பேசிக்கொள்கிறேன். ரயிலுக்காக நீ எங்கேயும் போக வேண்டாம், உன் அறை வாசலிலேயே நிற்கும். இந்தச் சனிக்கிழமை நிலையத்துக்கே போன் செய்கிறேன். அங்கே உன்னால் குளிக்க முடியாது!

உன் அவசரக்குடுக்கை


மே 25

அக்கா,

நலம் விசாரிக்க இன்றைக்கு மனசு வரவில்லை.

சனிக்கிழமை நிலையத்துக்குப் போன் செய்தேன். யாரோ ஒரு ஊழியர் எடுத்தார். உன்னைக் கூப்பிடச் சொன்னேன். "இருக்காங்க... ஆனா இப்ப பேச முடியாதும்மா" என்று மென்று முழுங்கினார். அதே நேரம் அவர் பின்னால் மைக்கில் நீ பேசினாய். "மூன்றாவது நடைமேடையில் நிற்கும் வண்டி" என்று தெளிவாகக் கேட்டது. நடைமேடையின் "டை"யைக் கொஞ்சம் மேலே தூக்கி இறக்குவாயே, அது உலகத்தில் வேறு யாருக்கும் வராது.

மைக்கை விட்டுவிட்டேன் என்று எழுதினாயே? குடையும் பல் செட்டும் எனக்குச் சொன்ன கதையா? ஊர் பேர் தெரியாத ஆயிரம் பேருக்கு வண்டி எங்கே நிற்கிறது என்று சொல்ல உனக்குக் குரல் இருக்கிறது. என்னிடம் ஒரு "ஹலோ" சொல்ல இல்லை. நான் என்ன செய்தேன் என்று தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. தெரிந்தாலாவது காலில் விழுவேன்.

நீ வர வேண்டாம். அந்த அம்மா சொன்னபடி நானே இரண்டு தடவையும் பாடிக்கொள்கிறேன்.

உன் தங்கை


ஜூன் 4

என் கண்ணே,

உன் உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதுகிறேன். என் உடம்பைப் பற்றி இந்தத் தடவை ஒழுங்காக எழுதுகிறேன்.

போன வருஷம் என் கழுத்தில் ஒரு கட்டி இருந்தது. நீ அதைப் பார்த்து "அக்கா குண்டாயிட்டே" என்று கேலி செய்தாய். எடுத்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர். குரல் போனாலும் போகலாம் என்று முன்கூட்டியே சொன்னார், ஒளிக்கவில்லை. அதற்கு மறுநாள்தான் உன்னிடம் "போதும், நீ தனியாப் பாடு" என்றேன். நீ கிளம்பிப் போன பதினாறாம் நாள் ஆபரேஷன். கட்டி போய்விட்டது, பயம் ஒன்றும் இல்லை. குரலும் போய்விட்டது. வாயைத் திறந்தால் காற்று வருகிறது. பக்கத்தில் வந்து காதைக் கொடுத்தால் அத்தானுக்கு மட்டும் புரியும். மற்றவர்களுக்குச் சிலேட்டில் எழுதிக் காட்டுவேன்.

நீ கேட்டது என் குரல்தான். ஆபரேஷனுக்கு முன்னால் நிலைய அதிகாரி என்னை மூன்று நாள் உட்காரவைத்து எல்லா வண்டிக்கும், எல்லா நடைமேடைக்கும், தாமதத்துக்கும் சேர்த்துப் பதிவு செய்துகொண்டார். அதைத்தான் போடுகிறார்கள். நான் கீழே குடைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன், மேலே நான் பேசிக்கொண்டே இருக்கிறேன். முதல் மாதம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன். இப்போது பழகிவிட்டது என்று அத்தானிடம் சொல்லியிருக்கிறேன். பழகவில்லை.

உன்னிடம் ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். தெரிந்தால் ஓட்டல், பாட்டு எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வருவாய், எனக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு இங்கேயே இருந்துவிடுவாய். அதுதான் காரணம் என்று என்னிடமே ஒரு வருஷம் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். மீதிப் பாதி, என் காற்றுக் குரலை நீ கேட்கக் கூடாது என்ற வீம்பு. உன்னைப் பொறுத்தவரை நான் பாடத் தெரிந்தவளாகவே இருக்க ஆசைப்பட்டேன். நீ அனுப்பிய கேசட்டைப் போட்டு, யாரும் இல்லாதபோது பாடிப் பார்த்தேன். அதை உனக்கு எப்படி அனுப்புவேன்?

இப்போது வராதே. பத்தாம் தேதியை முடி. அந்த அம்மா சொன்ன வழி நல்ல வழி. என் இடத்தையும் நீயே பாடு. எனக்கு வருத்தமில்லை.

உன் அக்கா


ஜூன் 12

அக்கா, என் அக்கா,

உனக்கு இப்போது வலி இருக்கிறதா? விழுங்க முடிகிறதா? டாக்டரிடம் போய்க்கொண்டிருக்கிறாயா? இதையெல்லாம் ஒரு வருஷத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டியவள் நான். "குண்டாயிட்டே" என்றேனே, பாவி. உன் கடிதம் எட்டாம் தேதி வந்தது. பெட்டியைக் கட்டிவிட்டேன். கட்டிய பெட்டிமேல் உட்கார்ந்து, "இப்போது வராதே" என்ற வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் அவிழ்த்தேன். உன் பேச்சைக் கேட்டு ஒரு தடவையாவது நடக்கலாம் என்று.

பத்தாம் தேதி போனேன். முதல் தடவை என் வழக்கப்படி பாடினேன், பதினான்கு ஓட்டையோடு. சங்கதி, சிரிப்பு, வழுக்கல் எதுவும் வைக்கவில்லை. வைக்க வேண்டும் என்று நினைவே வரவில்லை. அப்புறம் அந்த அம்மா இரண்டாவது தடவைக்குத் தயார் செய்தார். என் குரல் காதில் ஓடியது. "விட்டு" என்று வந்தது. இப்போது நான் உள்ளே நுழைய வேண்டும். வாயைத் திறந்தேன், பாடவில்லை. மறுபடியும் போட்டார்கள். மறுபடியும் பாடவில்லை. மூன்றாவது தடவை "உம்" உள்ளே வந்துவிட்டார்.

"என்னம்மா ஆச்சு?"

"சார், அந்த இடத்துல ஆள் இருக்காங்க."

"யாரு?"

"என் அக்கா."

"வந்திருக்காங்களா?"

"இல்ல சார். வரமாட்டாங்க. இடம் மட்டும் அவங்களோடது."

நான் எல்லாவற்றையும் கொட்டினேன். சிவப்புப் புள்ளி, நீலப் புள்ளி, நடைமேடை, சிலேட்டு, எல்லாம். பிஸ்கட் அம்மா பிஸ்கட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். பாட்டு கையை விட்டுப் போகும் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் நிறுத்த முடியவில்லை. "அந்த இடத்தை மூடிட்டா பாட்டு நல்லா இருக்கும் சார், ஆனா அதை மூட என்னால ஆகாது. வேற யாரையாவது பாட வச்சுக்குங்க" என்றேன்.

அவர் முதல் பதிவை மட்டும் தனியாகப் போடச் சொன்னார். முழுப் பாட்டையும் கேட்டார். முடிந்ததும் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "இது யாரோடது?"

"தெரியல சார். பாதி என்னோடது, பாதி அக்காவோடது. எது எந்தப் பாதின்னு தெரியல."

"உம்" என்றார். பிறகு ஒலிப்பதிவு அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "அப்படியே இருக்கட்டும். ஒண்ணையும் மூடாதீங்க" என்றார்.

ஜூலை ஐந்தாம் தேதி காலை பத்தரைக்கு வானொலியில் வருகிறது. பாணி கிடைத்துவிட்டதா என்று கேட்காதே, எனக்கு இன்னும் ஒன்றும் புரியவில்லை.

ஜூலை பதினைந்தாம் தேதிக்கு மேல் ஓட்டலில் லீவு தருவார்கள், வருவேன். நீ வேண்டாம் என்றாலும் வருவேன். அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். போனை எடு. பேச வேண்டாம், எடுத்துக் காதில் வைத்துக்கொண்டால் போதும். எப்படியும் நான் மட்டும்தான் பேசுவேன் என்று நீதானே எழுதினாய்.

உன் அவசரக்குடுக்கை


ஜூலை 6

அடி அவசரக்குடுக்கை,

நீ சுகமாக இருக்கிறாய், பாட்டைக் கேட்டதுமே தெரிந்தது. எனக்கு வலி இல்லை. விழுங்குகிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் போகிறேன். இனிமேல் உடம்புக்கு என்ன என்று கேட்டால் உள்ளதை எழுதுவேன்.

நேற்று அத்தான் வீட்டு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்கே வந்துவிட்டார். பத்தரைக்குக் குடை அலமாரிமேல் வைத்துத் திருகினோம். அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர் வந்து நின்றார். பல் செட்டுக்குச் சொந்தக்காரர். நாலு மாதம் கழித்து! அவரைக் கையமர்த்தி நிற்கவைத்தேன்.

பாட்டு வந்தது. மேலே என் பழைய குரல் இரண்டாவது நடைமேடை என்று குறுக்கே பேசியது. எனக்கு அதன்மேல் எரிச்சல் வந்தது, சிரிப்பும் வந்தது. அத்தான் அழுதுகொண்டிருந்தார், அவரை விடு.

"யாரும்மா பாடுறது?" என்று பெரியவர் பொக்கை வாயோடு கேட்டார். சிலேட்டில் "என் தங்கச்சி" என்று எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா நடுவுல நடுவுல ஏன் நிக்குது? அங்க யாராவது வரணுமா?" என்றார்.

சிலேட்டை எடுக்கவில்லை. அடுத்த "விட்டு" வந்தது. நீ நிறுத்தினாய். நான் வாயைத் திறந்து பாடினேன். வந்தது காற்றுதான். ஆனால் சரியான இடத்தில் வந்தது. நீ "வைத்தேன்" என்று வந்து சேர்ந்துகொண்டாய். அதற்கு அடுத்ததிலும் பாடினேன். பாட்டு முடியும்வரை ஒன்றையும் விடவில்லை. பெரியவர் "ஓ" என்று மட்டும் சொல்லிவிட்டு, பல்லை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

அந்த இடத்தை எனக்காக வைத்திருந்தாய். எனக்கு அது போதும் என்று எழுத வந்தேன், போதவில்லை. சீக்கிரம் வா.

அதற்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் செய். அன்றைக்கு நான் குளிக்கப் போகவில்லை.

உன் அக்கா